பட்டியலில் விடுபட்ட பதினோரு மாதங்கள்

போன வாரம், இன்று பத்திரிகைகளில் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் அனுப்பியிருந்தார். மறுசீரமைப்பில் காணாமல் போன ஒரு சட்டமன்றத் தொகுதியைப் பற்றிய கட்டுரை. கீழே பெட்டிச் செய்தியாக, அந்தத் தொகுதியில் இதுவரை ஜெயித்தவர்களின் பட்டியல். "சார், ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க. நாளைக்குப் பக்கம் போவுது" என்று ஒரு குறிப்பு வேறு. பார்த்தேன். வந்த கோபத்தில் போனைக் கட்டிலில் வீசினேன். அதில் பாதிக் கோபம்தான் அவர் மேல். பட்டியலில் ஒரு பெயர் இல்லை. அந்தப் பெயரை எடுத்தவன் நான்.

பட்டியலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். "எல்லா எடத்துலயும் இதான் சார் இருக்கு" என்றார். இருக்கும். எல்லா இடத்திலும் இருப்பது ஒரே ஆள் செய்த ஒரே தப்பு. அதைப் பத்து பேர் எடுத்துப் போட்டால் பத்து சாட்சி ஆகிவிடாது. திருத்தச் சொன்னேன், அன்றே திருத்திவிட்டார். அந்தப் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்டார். போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தொகுதியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கையோடு போனில் தேடுவீர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன்.

அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் கிடந்த தொகுதி அது. ஒரு பக்கம் முந்திரிக்காடு, இன்னொரு பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். முதலில் ஜெயித்தவர் பெரிய நிலக்காரர். கார் போக ரோடு இருந்த ஊர்கள் மட்டும்தான் அவருக்குத் தொகுதி. அடுத்தவர் நன்றாகப் பேசுவார், பேசியதோடு சரி. ஒருவர் மூன்று முறை ஜெயித்தார். காதுகுத்து, கல்யாணம், சாவு எதையும் விட்டதில்லை. சட்டமன்றத்தில் மட்டும் வாயைத் திறந்ததில்லை. இன்னொருவர் ஒரே பதவிக்காலத்தில் இரண்டு முறை கட்சி மாறினார். இரண்டு முறையும் என்னைக் கூப்பிட்டுக் கொள்கை விளக்கம் கொடுத்தார். வெட்கமில்லாமல் இரண்டு முறையும் படத்தோடு போட்டேன்.

இவர்களுக்கு நடுவில் பதினோரு மாதம் இருந்தவர் கொளஞ்சிநாதன். நொச்சிக்குடிக்காரர். இரண்டு ஏக்கர் நிலம், அதுவும் ஏரிப் பாசனத்தை நம்பிய நிலம். பதவியில் இருந்த உறுப்பினர் இறந்துபோய் இடைத்தேர்தல் வந்தபோது, கட்சியில் இரண்டு பெரிய கைகள் சீட்டுக்கு மல்லுக்கட்டின. அவனுக்குக் கொடுத்தால் இவன் கவிழ்ப்பான், இவனுக்குக் கொடுத்தால் அவன் கவிழ்ப்பான் என்று, யாருக்கும் தொந்தரவு இல்லாத இவரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஜெயித்துவிட்டார். பதினோரு மாதத்தில் சபை கலைந்தது. மறுபடி அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை, அவரும் கேட்டு அலையவில்லை.

அந்தப் பதினோரு மாதத்தில் அவர் ஒரு வேலை செய்தார். நொச்சிக்குடி ஏரியையும், அதற்குத் தண்ணீர் கொண்டு வரும் ஓடையையும் சுரங்கத்துக்குக் கேட்கிறார்கள் என்று தெரிந்து, சபையில் கேள்வி எழுப்பினார். ஏரியையும் ஓடையையும் கொடுக்க மாட்டோம் என்று அமைச்சரை எழுந்து நின்று சொல்ல வைத்தார். அன்றைக்கே ஊருக்கு அதைக் கடிதமாகவும் எழுதினார். எனக்கு அப்போது அது செய்தியாகவே படவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் வெளிநடப்பு செய்யவில்லை, பிறகு என்ன செய்தி? அப்படி நினைத்த முட்டாள் நான்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன்.

தேர்தல் தேதி அறிவித்ததும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பெட்டிச் செய்தி அனுப்ப வேண்டும். அன்றும் இதே கதைதான், யாரும் புதிதாக எழுதுவதில்லை. போன தேர்தலுக்கு வந்ததை எடுத்து, கடைசியில் ஒரு பெயரைச் சேர்த்து அனுப்பிவிடுவோம். எனக்கு முன்னால் அரியலூரில் நிருபராக இருந்தவர், பேப்பரில் வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டிய நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு ஃபைலையும் நீட்டினார். "இது நாம அனுப்புனதோட நகல். எப்பவும் இதப் பாத்து எழுது. அச்சுல வந்ததப் பாத்து எழுதாத, அதுல எவன் எத வெட்டுனான்னு ஒனக்குத் தெரியாது" என்றார். பெரிதாகத் தலையாட்டினேன். நோட்டு கைக்கு வசதியாக மேஜை மேல் இருந்தது. ஃபைல் பீரோ மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

கொளஞ்சிநாதனுக்குப் பிறகு இரண்டு தேர்தல் போயிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெட்டிச் செய்தியை ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு டீக்குச் சொல்லியிருந்தேன். திருச்சியிலிருந்து போன் வந்தது. பக்கம் போடும் உதவி ஆசிரியர்.

"பெட்டியில எடம் பத்தாம ஒரு வரி வெளிய நிக்குதுய்யா. கீழ வெளம்பரம், அசைக்க முடியாது. எத எடுக்க?"

"எழுத்தக் கொஞ்சம் சின்னதாக்க முடியாதா சார்?"

"வெளையாடுறியா? பக்கம் இப்பப் போவணும். பேரச் சொல்லு."

எனக்குப் பின்னால் நாலு பேர் போனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். பட்டியலை மனதுக்குள் மேலிருந்து கீழே ஓட்டினேன். நிலக்காரரை எடுத்தால் அவர் பேரன் காலையிலேயே வாசலில் நிற்பான். மூன்று முறை ஜெயித்தவரை எடுக்க முடியாது. கட்சி மாறியவர் ஆசிரியருக்கே போன் போடுவார்.

"கொளஞ்சிநாதன எடுத்துடுங்க சார். இடைத்தேர்தல்ல வந்தவரு, பதினோரு மாசம்தான்" என்றேன்.

பதினோரு மாதம் என்பது நான் சொன்ன காரணம். உண்மையான காரணம் வேறு. அவர் ஒருவர்தான் ஏன் எடுத்தாய் என்று கேட்க ஆளில்லாதவர். இடம் போதாதபோது நாம் எல்லோருமே இப்படித்தான் செய்கிறோம். முக்கியத்துவம், செய்தி மதிப்பு என்றெல்லாம் அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம். யார் சத்தம் போட மாட்டார்களோ அவர்கள் கழுத்தில் கத்தி வைக்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

சத்தம் போடாவிட்டாலும் அவர் வந்தார். நான்கைந்து நாள் கழித்து, பேப்பரை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைத் தேடி வந்தார். கோபம் இல்லை. சங்கடப்பட்டுக்கொண்டு, தப்பு அவருடையது போல நின்றார்.

"தம்பி, நம்ம பேரு விட்டுப் போயிருக்கும்போல. எனக்கு ஒண்ணுமில்ல. ஏரி வெசயம் ஒண்ணு இருக்கு பாருங்க, நாளப்பின்ன யாராவது கேட்டா, இப்புடி ஒருத்தன் இருந்தான்னு எங்கியாவது எழுதியிருக்கணும்ல."

"எடம் பத்தலைங்கய்யா. அடுத்த தடவ சேத்துடறேன்" என்றேன். டீ சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

அடுத்த தேர்தல் வந்தது. மேஜை மேலிருந்த நோட்டைப் பிரித்தேன். அச்சில் வந்த பட்டியலைப் பார்த்து, கீழே ஒரு பெயர் சேர்த்து அனுப்பினேன். வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துபோனேன். அதுதான் இன்னும் மோசம். வேண்டுமென்று செய்பவனுக்குத் தான் என்ன செய்தோம் என்றாவது தெரியும். அதற்கடுத்த தேர்தலிலும் அதே பட்டியல்தான் போனது.

பிறகு தொகுதியே போனது. மறுசீரமைப்பில் எங்கள் ஊர்களைத் துண்டு போட்டுப் பக்கத்துத் தொகுதிகளில் ஒட்டினார்கள். அதுவரை பெரம்பலூர் எம்.பி.க்கு ஓட்டுப் போட்டவர்கள் சிதம்பரம் எம்.பி.க்கு ஓட்டுப் போட வேண்டும் என்றார்கள். இனி மனுவை யாரிடம் கொடுப்பது என்று ஜனங்கள் என்னைக் கேட்டார்கள், எனக்கே தெரியவில்லை. எங்கள் பேப்பர் ஒரு சிறப்பிதழ் போட்டது. தொகுதியின் முழு வரலாற்றையும் நான்தான் எழுதினேன். முதல் தேர்தலிலிருந்து கடைசித் தேர்தல் வரை ஜெயித்த எல்லோருடைய பெயரும் இதில் இருக்கிறது என்று தலைப்பில் அடித்துச் சொன்னோம். மலர் நன்றாக வந்திருப்பதாக ஆசிரியர் பாராட்டினார். நானும் நாலு பேருக்குக் கொடுத்தேன். கொளஞ்சிநாதன் அதற்குள் இறந்திருந்தார். அவர் சாவும் எங்கள் பேப்பரில் வரவில்லை.

இப்படித்தான் ஒரு தப்பு வரலாறு ஆகிறது. தொகுதி உயிரோடு இருந்தால் அடுத்த தேர்தலில் திருத்தலாம். செத்த தொகுதிக்கு அடுத்த தேர்தல் ஏது?

நான் ஓய்வு பெறச் சில மாதம் இருக்கும்போது நொச்சிக்குடிக்குப் பக்கத்தில் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்தது. அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். தோண்டுவதற்கு முன்னால் ஊர் ஜனங்களைக் கூட்டி ஆட்சேபணை கேட்டு எழுதிக்கொள்ளும் கூட்டம் அது. கல்யாண மண்டபத்தில் நடந்தது. விண்ணப்பத்தில் ஏரியைத் தொடவில்லை, கெட்டிக்காரர்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் ஓடையை மட்டும் 'பயன்பாடற்ற பள்ளம்' என்று காட்டியிருந்தார்கள். ஓடை போனால் ஏரி போகும், ஏரி போனால் ஊர் போகும். இது அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், மேடையில் இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முன்வரிசை நாற்காலிகளில், சுரங்கத்தில் கல் ஏற்றக் காத்திருந்த லாரிக்காரர்கள் கூட்டி வந்த ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வரிசை. என் பக்கத்தில் போட்டோ எடுக்க வந்த காதர், லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்தப் பெட்டிச் செய்தி கதையை எப்போதோ அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். சிரிக்கும் விஷயமாகத்தான் அது எனக்கு அப்போது இருந்தது.

ஒரு பெண் எழுந்து மைக்கைப் பிடித்தாள். பெயர் அஞ்சலை, கொளஞ்சிநாதனின் மகள். ஏரிக்குக் கீழே அந்த இரண்டு ஏக்கரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவள். அப்பா எழுதிய கடிதத்தைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்திருந்தாள். அதை மேடையில் கொண்டு போய்க் கொடுத்தாள்.

"இந்த ஓடையக் குடுக்க மாட்டோம்னு மந்திரியே சபையில சொல்லியிருக்காருங்க. எங்கப்பா எம்.எல்.ஏ.வா இருந்தப்ப கேட்டு வாங்குனது."

அதிகாரி கடிதத்தைப் பார்த்தார். கம்பெனி சார்பில் வந்திருந்த ஆலோசகர் அதை வாங்கிப் படித்தார். தன் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து விரித்து எல்லோருக்கும் காட்டினார். எங்கள் சிறப்பிதழ். என் பெயர் போட்ட கட்டுரை.

"சார், இது இந்தத் தொகுதியோட முழு வரலாறு. இதுவரைக்கும் இருந்த எல்லா எம்.எல்.ஏ. பேரும் இதுல இருக்கு. கொளஞ்சிநாதன்னு யாருமே இல்ல. லெட்டர்பேடு யாரு வேணா அடிச்சுக்கலாம் சார்."

முன்வரிசை சிரித்தது. "ஏம்மா, ஒங்கப்பா கனவுல எம்.எல்.ஏ.வா இருந்தாரா?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்கப்பாவுக்கு ஓட்டுப் போட்டவங்க இங்கியே பின்னாடி நிக்கிறாங்க, கேட்டுப் பாருங்க" என்றாள் அஞ்சலை. பின்னாலிருந்து வயதானவர்கள் ஆமாம் ஆமாம் என்று கத்தினார்கள்.

"வாய் வார்த்தையெல்லாம் வேணாம்மா. ரெக்கார்டு இருந்தா குடுங்க" என்றார் அதிகாரி.

"அவங்க கையில இருக்கற ரெக்கார்டு தப்புங்க சார்!"

"அத யாராவது சொல்லணுமில்ல?"

அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். பத்திரிகைக்காரர்கள் வரிசையில் அவள் கண் நின்றது. காதர் என் தொடையில் தட்டினார். "அண்ணே, எந்திரிங்க. அல்லாவுக்காகச் சொல்லுங்க. அது நீங்க எழுதுனதுதானே?"

நான் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் நிருபர் பேசக் கூடாது என்பது விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல விதிதான். கட்சிக்கூட்டத்தில் கைதட்டாமல் இருப்பதற்காக வைத்த விதி அது. தான் எழுதிய பொய்யை வைத்து ஒரு ஊரைப் புதைக்கும்போது பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்காக வைத்தது அல்ல. அது அப்போதே எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் சம்பாதித்த பெயர், ஓய்வு பெறும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் போகுமே என்ற பயம்தான் என்னை அமுக்கியது. பேனாவை எடுத்தேன். 'சலசலப்பு ஏற்பட்டது' என்று குறிப்பில் எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியதிலேயே கேவலமான வாக்கியம் அதுதான்.

அதிகாரி எழுத்தரைப் பார்த்து, "ஆதாரம் இல்லைன்னு போட்டுக்குங்க. அடுத்து யாரு?" என்றார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அஞ்சலை மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

"பேப்பர்காரரு நீங்கதானே? எங்கப்பா ஒங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காரு."

"தப்பு நடந்துபோச்சும்மா" என்றேன்.

"கோவமா எல்லாம் சொல்லல. 'அந்தத் தம்பி அடுத்த தடவ சேத்துடறேன்னு சொல்லியிருக்காரு, சேத்துடுவாரு'ன்னு சாவுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு."

சொல்லிவிட்டு ஊர்க்காரர்களோடு போய் வேனில் ஏறிவிட்டாள். காதர் என்னோடு பைக்கில் வர மாட்டேன் என்று பஸ்ஸில் போனார். பல மாதம் என் போனை எடுக்கவில்லை.

அதன் பிறகுதான் எனக்கு வீரம் வந்தது. திருத்தம் போட வேண்டும், என் தப்பு என்று என் பெயரிலேயே போட வேண்டும் என்று அலுவலகத்தில் நின்றேன். "இத்தன வருசம் கழிச்சு எதுக்குய்யா? மலரே பொய்யின்னு ஆயிடாதா?" என்றார்கள். இரண்டு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் உள்பக்கத்தில், வானிலைக்குக் கீழே மூன்று வரி வந்தது. சிறப்பிதழில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டதாம், வருந்துகிறார்களாம். யார் விட்டது, அதனால் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. தப்பை முதல் பக்கத்தில் போடத் தெரிந்த நமக்குத் திருத்தத்தை மட்டும் ஒளித்துவைக்கத்தான் தெரிகிறது. இன்றும் மாறவில்லை. இன்று வானிலைக்குக் கீழேகூட இடம் இல்லை, சத்தம் இல்லாமல் இணையத்தில் திருத்திவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்கிறீர்கள்.

சென்னைக்குப் போனேன். பழைய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்க அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். அதை வாங்கிக்கொண்டு போனால் அதிகாரி லீவு. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, மூன்றாவது முறை போனபோது அந்த வருஷத்துக் குறிப்புப் புத்தகம் கைக்கு வந்தது. இருந்தது. உறுப்பினர் கொளஞ்சிநாதன் கேட்ட கேள்வி, அமைச்சர் சொன்ன பதில், அச்சில், அவர் பெயரோடு இருந்தது. அங்கேயே எனக்கு அழுகை வந்தது. நகல் எடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு அரியலூருக்கு வந்து, கூட்டத்தை நடத்திய அதிகாரியிடம் நீட்டினேன்.

முழுவதும் படித்தார். "ஒரிஜினல்தான் சார். ஆனா அறிக்க மேல போயி அனுமதியும் வந்துடுச்சே. இனி எங்க கையில இல்ல" என்றார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பது நினைவு வந்ததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நகலை எடுத்துக்கொண்டு நொச்சிக்குடிக்குப் போனேன். மழைக்காலம். முந்தின நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. மற்ற ஊர் ஏரிகளில் எல்லாம் தண்ணீர் நின்றது. நொச்சிக்குடி ஏரியில் சேறு மட்டும்தான். ஓடை வர வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று பள்ளம், அதற்குள் லாரிகள் எறும்பு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்த மழைத் தண்ணீர் முழுக்கப் பள்ளத்துக்குள் கிடந்தது. மோட்டார் வைத்து வெளியே இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலை கரையில் நின்றாள். நகலைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க."

படித்தேன்.

"லாரிச் சத்தத்துல கேக்கல. சத்தமாப் படிங்க."

அமைச்சரின் பதிலைக் கத்திப் படித்தேன். அவள் அப்பா கேட்ட கேள்வியையும் படித்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். படித்து முடித்ததும் கையை நீட்டி வாங்கி, மடிக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"இத வச்சு கேசு போடலாமா?"

"போடலாம்மா. வக்கீலப் பாத்துப் பேசியிருக்கேன்."

"முடிய எவ்ளோ நாளாவும்?"

"சொல்ல முடியாது. வருசக்கணக்குல ஆவும். மேல மேல போவாங்க."

"அன்னைக்கு மண்டபத்துல நீங்க எந்திரிச்சு சொல்லியிருந்தா எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது என்று அவளிடம் சொன்னேன்.